ஏப்ரல் ஃபூல்: ஒரு கதையும் சில தேதிகளும்

எங்கள் பள்ளிக்காலத்தில் ஏப்ரல் 1 என்றால் உருளைக்கிழங்குதான். பாதியாக நறுக்கி, வெட்டிய பக்கத்தில் 'ஏ.எஃப்.' என்பதற்கான ஆங்கில எழுத்துகளைத் திருப்பிச் செதுக்கி, மையில் தோய்த்து, அசந்தவன் முதுகில் ஒரே குத்து. வெள்ளைச் சட்டையோடு போய் நீலச் சட்டையோடு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

போன வருஷம் என் மகள், "அப்பா, இதெல்லாம் எப்படி ஆரம்பிச்சது?" என்று கேட்டாள். பள்ளிக் காலைக்கூட்டத்தில் இரண்டு நிமிஷம் பேச வேண்டுமாம். எல்லோருக்கும் தெரிந்த கதையையே எழுதிக் கொடுத்தேன். பிரான்சில் முன்பு ஏப்ரல் 1-தான் புத்தாண்டு. மன்னர் ஒன்பதாம் சார்லஸ் 1564-ல் அதை ஜனவரி 1-க்கு மாற்றினார். சேதி தெரியாமல் பழைய நாளிலேயே கொண்டாடியவர்களை ஊர் கேலி செய்தது. அதுவே முட்டாள் தினம் ஆனது.

நல்ல கைதட்டலாம். அதற்கப்புறம்தான் எனக்குச் சந்தேகம் வந்து தேட உட்கார்ந்தேன். வரிசையே தப்பு, தெரியும்!

அந்தக் கதையில் பாதி நிஜம். 1564 ஆகஸ்டில் ரூசியோன் என்ற ஊரில் வெளியான அரசாணை ஜனவரி 1-ஐ ஆண்டின் முதல் நாளாக்கியது உண்மைதான். ஆனால் அதற்கு முன் பிரான்சில் புத்தாண்டு ஏப்ரல் 1 அல்ல. பல இடங்களில் ஈஸ்டர் அன்று ஆண்டு பிறந்தது. சில இடங்களில் மார்ச் 25, சில இடங்களில் கிறிஸ்துமஸ். ஈஸ்டரோ மார்ச் 22-இலிருந்து ஏப்ரல் 25 வரை எங்கு வேண்டுமானாலும் விழும்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. புரூஜ் நகரத்துக் கவிஞர் எடுவர்ட் டெ டேனே 1561-ல் ஒரு நகைச்சுவைக் கவிதை எழுதியிருக்கிறார். ஒரு பிரபு, ஏப்ரல் 1 அன்று தன் வேலைக்காரனை இல்லாத வேலைகளுக்காக அங்கும் இங்கும் அலையவிடுகிறார். வேலைக்காரனுக்கோ நடப்பது என்னவென்று சந்தேகம். ஆக, அரசாணைக்கு மூன்று வருஷம் முன்பே, அதுவும் பிரான்சுக்கு வெளியே, இந்த விளையாட்டு இருந்திருக்கிறது. எங்கள் தொழிலில் லாக் பார்க்கும்போது விளைவின் நேரம் காரணத்தின் நேரத்துக்கு முன்னால் இருந்தால், அந்தக் காரணத்தைக் கைவிட்டுவிட்டு வேறு தேடுவோம். இங்கும் அதேதான்.

இங்கிலாந்தை எடுத்துக்கொண்டாலும் இதே கதி. அங்கே ஆண்டுத் தொடக்கம் மார்ச் 25-இலிருந்து ஜனவரி 1-க்கு மாறியது 1752-ல். ஆனால் ஜான் ஆப்ரே 1686 வாக்கிலேயே ஏப்ரல் 1 முட்டாள்களின் நாள் என்று குறித்து வைத்திருக்கிறார். 1698-ல் லண்டன் கோபுரத்தில் சிங்கங்களைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று புரளி கிளப்பி, ஜனங்களை அங்கே போகவைத்தார்கள். காலண்டர் மாற அப்போது இன்னும் 54 வருஷம் பாக்கி.

நம் ஊரில் வருஷாவருஷம் வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றும். சித்திரையில் புத்தாண்டு கொண்டாடும் நம்மைக் கேலி செய்யத்தான் வெள்ளைக்காரன் இந்த நாளைக் கண்டுபிடித்தானாம். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1600-ல். டெ டேனே எழுதும்போது அந்தக் கம்பெனியே பிறக்கவில்லை.

இப்படிக் கதைகள் எப்படிப் பரவுகின்றன என்பதற்கு 1983-ல் ஒரு பாடம் கிடைத்தது. பாஸ்டன் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஜோசப் பாஸ்கினிடம் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஒருவர் இந்த நாளின் மூலத்தைக் கேட்டார். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் கோமாளி கூகலை ஒருநாள் அரசனாக்கினார், அவன் போட்ட உத்தரவுதான் இது என்று பாஸ்கின் அளந்துவிட்டார். கூகல் என்பது யூதர் வீடுகளில் செய்யும் ஒரு பதார்த்தத்தின் பெயர்! செய்தி அப்படியே பத்திரிகைகளில் வந்துவிட்டது. அது கட்டுக்கதை என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது.

சரி, உண்மையான மூலம் எது? 1561-க்கு முன்னால் உறுதியாகக் காட்டக்கூடிய சான்று இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ஏப்ரல் மீன்' என்கிறார்கள். குழந்தைகள் காகித மீனை அடுத்தவர் முதுகில் ஒட்டிவிட்டுச் சிரிப்பார்கள். ஸ்காட்லாந்தில் ஏமாந்தவருக்குக் குயிலின் பெயர். ஊருக்கு ஊர் பெயர் வேறு, விளையாட்டு ஒன்று. ஆனால் அரசரும் தேதியும் வைத்து யாராவது கச்சிதமாகச் சொன்னால் நாம் உடனே நம்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ நீங்க என்னை ஏப்ரல் ஃபூல் பண்ணிட்டீங்களா?" என்றாள். முதலில் ஏமாந்தது நான்தான் என்றேன். இந்த வருஷம் அதே மேடையில் டெ டேனேயின் வேலைக்காரனைப் பற்றிப் பேசி, போன வருஷம் சொன்னது தப்பு என்று அவளே சொல்லப் போகிறாளாம். அதற்குக் கைதட்டல் கிடைக்குமா தெரியவில்லை. ஆனால் இந்தத் தடவை எழுதிக் கொடுப்பதற்கு முன்பே சரிபார்த்துவிட்டேன்.