கித்தாவை இங்கிலாந்துக்குக் கொண்டு போன கப்பல் வைத்தியர்



தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு வருகிறது. கேரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பெயர்தான் அந்தத் தீவுக்கு நிலைத்துவிட்டது. இப்படி நிலத்தில் பெயர் பதித்தவர்கள் யார், எப்படி வந்தார்கள் என்று நாம் என்றைக்காவது யோசித்ததுண்டா? அவர்களுக்கெல்லாம் முன்னோடியான ஒருவரின் கதையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

அவர் பெயர் ஜோசே டி அல்மெய்டா. 1784-ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் பிறந்தவர். படித்தது வைத்தியம், பார்த்த வேலை போர்த்துக்கீசியப் போர்க்கப்பலில் வைத்தியர் உத்தியோகம். கப்பலோடு கிழக்கே வந்தவர் முதலில் மக்காவில் தங்கினார். பிறகு 1825-இல் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்து குடியேறினார். ராஃபிள்ஸ் அங்கே கொடி நாட்டி அப்போது ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது.

வந்தவர் முதலில் மருந்துக்கடை வைத்தார். ஆனால் துறைமுகத்தில் கப்பல் சரக்கு கைமாறுவதைப் பார்த்த பிறகு மருந்துப் புட்டியோடு மட்டும் இருக்க முடியுமா? வியாபாரத்தில் இறங்கினார், பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பெரிய கம்பெனி நடத்தினார். பணம் சேர்ந்ததும் மண்ணின் மேல் ஆசை வந்தது. பருத்தி, தென்னை, காப்பி, வனிலா என்று ஒவ்வொன்றாகப் பயிரிட்டுப் பார்த்தார். பருத்தி கைகொடுக்கவில்லை. ஆனாலும் மனிதர் சளைக்கவில்லை.

இனிமேல்தான் நமக்கு வேண்டிய செய்தி வருகிறது. மலாய்க் காடுகளில் ஒரு மரம் உண்டு. அதன் பால் வெந்நீரில் போட்டால் மாவு போல இளகும், ஆறினால் கெட்டியாகிவிடும். மலாய் மக்கள் அதைக் கொண்டு பாராங் கத்திக்குப் பிடி செய்து வந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கெத்தா பெர்ச்சா’. 1843-இல் டாக்டர் அல்மெய்டா அந்தப் பாலின் மாதிரியை லண்டனுக்குக் கொண்டு போய் அங்குள்ள அறிஞர் சபையில் காட்டினார். அதே காலத்தில் மாண்ட்கோமரி என்ற இன்னொரு டாக்டரும் மாதிரிகளை அனுப்பினார்.

நாம் ரப்பரைக் ‘கித்தா’ என்கிறோமே, அது எங்கிருந்து வந்த சொல் தெரியுமா? அந்த மலாய்க் ‘கெத்தா’தான் நம்ம தாத்தா பாட்டி வாயில் கித்தாவாகியது!

அந்தப் பாலுக்கு உலகமே ஆசைப்பட்டது. மின்சாரம் வெளியே கசியாமல் காப்பதில் அதற்கு ஈடில்லை. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இதுதான் உறை. பின்னால் அட்லாண்டிக் கடலைக் கடந்த கம்பிக்கும் இதுதான். ஆனால் இந்தப் பால் வெட்டினால் ஒழுகாது, பட்டைக்குள்ளேயே உறைந்துவிடும். அதனால் மரத்தையே சாய்த்துப் பால் எடுத்தார்கள். கொஞ்சம் பாலுக்கு ஒரு முழு மரம்! காடு காடாக அந்த மரம் அழிந்தது.

டாக்டர் அல்மெய்டா 1850-இல் சிங்கப்பூரிலேயே காலமானார். அவர் பெயரில் அங்கே இன்றும் ஒரு தெரு இருக்கிறது.

அவருக்குப் பிறகு, 1877-இல் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் அங்கே தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டு சொன்னார். சொன்னவர் அவர். செய்தவர்கள் யார்? பொழுது விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், உளியும் வாளியுமாக நிரைக்கு நிரை நடந்த நம்ம ஆட்கள்! சீனர்களும் ஜாவாக்காரர்களும் கூட உழைத்தார்கள். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலோடு சீவினால் மங்கில் பால் விழாது. அந்த அளவு புத்தகத்தில் இல்லை, கையில் இருந்தது. அந்தக் கைதான் ஒரே மரத்தை வருஷக் கணக்கில் வாழவைத்துப் பாலும் எடுத்தது.

டாக்டரின் துணிச்சலைக் குறை சொல்ல மாட்டேன். தெரியாத ஊரில் பிழைத்து, தோற்றாலும் மறுபடி நட்டுப் பார்த்தவர் அவர். ஆனால் கடல் தாண்டி வந்து காட்டைத் திருத்திய நம்ம முன்னோரும் முன்னோடிகள்தானே? அவர்கள் பெயரில் தெருவும் இல்லை, தீவும் இல்லை. இன்று கித்தாக் காடு போய்ச் செம்பனையும் தொழிற்சாலையும் வந்துவிட்டன. உளி பிடித்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

ஆகவே மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார்கள், அவர்களுடைய அப்பா அம்மா பெயர் என்ன என்று கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம்ம வீட்டு வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.

வாழ்க உழைப்பு! வளர்க கல்வி!