மண்ணுக்கடியில் ஒரு முடுக்கு

"ஏதாவது எழுதிக் கொடுடா. டெக்னிக்கலா வேண்டாம், யாரும் படிக்க மாட்டாங்க" என்று மலர்க் குழு நண்பன் கேட்டான். சரி, பேய் பற்றி எழுதுகிறேன் என்றேன். பேய்க்கதை என்றால் நம் ஆட்கள் விட மாட்டார்கள். ஹாஸ்டலில் மூடிக் கிடந்த அந்தப் பழைய பம்ப் ரூமை நினைத்தால் இன்றும் சிலருக்குத் தூக்கம் வராது (யார் யார் என்று பெயர் போடவில்லை, பயப்படாதீர்கள்). ஆனால் நான் சொல்லப்போவது வெளிநாட்டுப் பேய். கூடவே கொஞ்சம் கட்டடக் கலையும் வந்துவிடும். சிவில் படித்தவனிடம் கட்டுரை கேட்டால் வேறு என்ன கிடைக்கும்?

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ. இரண்டு வருடம் முன்னால் கம்பெனி வேலையாக மூன்று வாரம் அங்கே இருக்க நேர்ந்தது. அந்த ஊரின் பழைய பகுதியைப் புரிந்துகொள்ள ஒரு மீன் முள்ளை நினைத்துக்கொண்டால் போதும். மேற்குக் கோடியில் எரிமலைப் பாறை மேல் கோட்டை. அங்கிருந்து கிழக்கே சுமார் ஒரு மைல் நீளத்துக்கு ஒரே முகடு, அதன் மேல் பெரிய வீதி. அதுதான் நடு முள். அதிலிருந்து இரண்டு பக்கமும் சரிவாக இறங்கும் சந்துகள்தான் பக்க முட்கள். இந்தச் சந்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'க்ளோஸ்'. திருநெல்வேலிப் பக்கம் நாம் முடுக்கு என்கிறோமே, அதேதான். சிலவற்றில் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும்.

ஊரைச் சுற்றி மதில், வடக்கே ஏரி. ஜனம் பெருகப் பெருக அகலத்தில் வளர இடமில்லை, அதனால் உயரத்தில் வளர்ந்தார்கள். ஆறு மாடி, ஏழு மாடி, அதற்கு மேலும். லிஃப்ட் கிடையாது, கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. கல்லும் சுண்ணாம்பும் மரமும்தான். ஒரே படிக்கட்டில் பிரபுவும் ஏறுவார், செருப்புத் தைப்பவரும் ஏறுவார். சாக்கடையும் கிடையாது. ராத்திரியானால் மேலேயிருந்து வாளியைக் கவிழ்ப்பார்கள். 'கார்டிலூ' என்று ஒரு குரல் கொடுப்பார்கள், 'தண்ணீர் வருது பார்த்துக்கோ' என்று அர்த்தம். வருவது தண்ணீர் இல்லை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட சந்துகளில் ஒன்றுதான் மேரி கிங் சந்து. மேரி கிங் என்பவர் 1600களில் அங்கே வாழ்ந்த துணி வியாபாரி. 1616இல் கல்யாணம், 1629இல் கணவர் போய்விட்டார். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு துணி விற்றும் தைத்தும் பிழைத்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் பெயரில் சந்து இருப்பது அபூர்வம். அந்த அம்மா இறந்தது 1644இல். இந்த வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிளேக் வந்தது அதற்கடுத்த வருடம்.

ஊரில் சொல்லும் கதை இதுதான். 1645இல் பிளேக் வந்தது. மேரி கிங் சந்தில் நோய் தாங்க முடியாமல் போனது. அதிகாரிகள் என்ன செய்தார்கள்? சந்தின் இரண்டு முனையையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் கதறக் கதறச் செத்தார்கள். அவர்கள் ஆவிதான் இன்றும் அலைகிறது. கேட்கும்போதே மயிர்க்கூச்செறிகிறது இல்லையா?

உண்மை அப்படி இல்லை. நோய் கண்ட வீட்டு ஜன்னலில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். அந்த வீட்டார் வெளியே வரக்கூடாது. நகர சபை செலவில் ரொட்டி, பீர், நிலக்கரி எல்லாம் வீட்டுக்கே போனது. நடமாட முடிந்த நோயாளிகளை ஊருக்குத் தெற்கே பர்க் மூர் என்ற பொட்டலில் போட்ட குடிசைகளுக்குக் கொண்டு போனார்கள். இவ்வளவு செய்தும் சாவு பயங்கரம். பக்கத்திலிருந்த லீத் துறைமுகத்தில் மட்டும் சுமார் பாதி ஜனம் போய்விட்டது. ஆனால் யாரையும் சுவர் வைத்து அடைக்கவில்லை. தன் ஜனத்துக்குச் சோறு போட்ட சபையைப் பிற்காலத்துக் கதை கொலைகாரனாக்கிவிட்டது.

இது எப்படி நடக்கும் என்று எனக்கு ஆச்சரியமாக இல்லை. 2020இல் சென்னையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தகரம் அடித்தார்கள். உங்களில் பலர் தெருவிலும் நடந்திருக்கும். கணவன், மனைவி, வயதான ஒரு பாட்டி, மூன்று பேர். தகரத்துக்கு மேலாக நாங்கள் தினமும் பால் பாக்கெட், காய்கறி, மாத்திரை எல்லாம் கயிற்றுப் பையில் கொடுத்தோம். பாட்டி மாடியிலிருந்து "தம்பி, முருங்கைக்காய் முத்தலா இருக்கு" என்று குறை வேறு சொல்வார். மூன்றே நாளில் பின் தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? "அந்த வீட்ல உள்ள வச்சு பூட்டிட்டாங்களாம், பாட்டி போய்ச் சேந்தாச்சாம், சொல்லாம மறைக்கிறாங்களாம்." இருநூறு அடி தூரத்தில், போனும் வாட்ஸ்அப்பும் இருக்கும்போதே, மூன்று நாளில் இப்படி! எடின்பரோவுக்கு முன்னூற்று எழுபது வருடத்துக்கு மேல் அவகாசம் கிடைத்திருக்கிறது. பாட்டி நன்றாக இருக்கிறார், போன மாதம்கூடப் பார்த்தேன்.

மீண்டும் 1645க்கு வருவோம். நகர சபை நியமித்த முதல் பிளேக் டாக்டர் ஜான் பாலிஷியஸ், கொஞ்ச காலத்திலேயே பிளேக்கிலேயே இறந்தார். அடுத்து வந்தவர் ஜார்ஜ் ரே. ஆளே கிடைக்காததால் சம்பளம் மாதம் 100 ஸ்காட்டிஷ் பவுன் என்று ஏற்றிக் கொடுத்தார்கள். 'எப்படியும் பிழைக்க மாட்டார், கொடுக்க வேண்டி வராது' என்ற கணக்கோ என்னவோ! அவரோ பிழைத்துவிட்டார். நெறிகட்டியைக் கீறிச் சீழை எடுத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதுதான் வைத்தியம். தலை முதல் கால் வரை தடித்த தோல் அங்கி, பறவை அலகு மாதிரி முகமூடி, அதற்குள் வாசனைத் தழை. கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று நம்பி அப்படிப் போட்டார்கள். நம்பிக்கை தப்பு, தோல் அங்கி சரி! எலியிலிருந்து மனிதனுக்கு நோயைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி. தோலைத் தாண்டி அது கடிக்க முடியாது. பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்தார். தெள்ளுப்பூச்சிதான் காரணம் என்று 1898இல் சைமண்ட் காட்டியது நம் துணைக்கண்டத்தில்தான், கராச்சியில். ரே பாவம், சம்பள பாக்கி கேட்டுப் பல வருடம் நடையாய் நடந்தார். காண்ட்ராக்ட் எடுத்து வேலை பார்க்கும் நம் நண்பர்களுக்கு இந்த இடத்தில் கண் கலங்கும்.

சரி, சந்து எப்படி மண்ணுக்கடியில் போனது? இதுதான் எனக்குப் பிடித்த பாகம். 1751இல் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவர் திடீரென்று சரிந்து விழுந்தது, உயிர்ச் சேதமும் ஆனது. பிறகுதான் ஊரில் எத்தனை கட்டடம் விழக் காத்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள் (எந்த ஊரிலும் வரிசை இதுதான்: முதலில் விழ வேண்டும், பிறகு இன்ஸ்பெக்ஷன்). பல வீடுகளை இடித்தார்கள். கிடைத்த இடத்தில் வியாபாரிகளுக்கு ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற பெரிய கட்டடம் கட்ட முடிவானது. 1753இல் அடிக்கல், ஜான் ஆடம் வரைந்த பிளான். ஆனால் இடமோ செங்குத்துச் சரிவு. பெரிய வீதிப் பக்கம் தரை ஒரு மட்டம், பின்பக்கம் பல மாடி கீழே.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? எல்லாவற்றையும் இடித்து, ரீடெய்னிங் வால் கட்டி, லோடு லோடாக மண் கொட்டியிருப்போம். அவர்கள் பழைய வீடுகளின் மேல் மாடிகளை மட்டும் எடுத்துவிட்டு, கீழ்த் தளங்களை அப்படியே அஸ்திவாரமாக வைத்துக்கொண்டார்கள். நூற்றாண்டுக்கு மேல் ஏழு மாடியைச் சுமந்து செட்டிலான கல் சுவர்கள், அதற்கு மேல் என்ன லோடு டெஸ்ட் வேண்டும்? இன்றும் அந்தக் கட்டடம் முன்னாலிருந்து பார்த்தால் நாலு மாடி, பின்னாலிருந்து பார்த்தால் பத்துக்கும் மேல். உள்ளே வீடு, அடுப்பு, கதவு நிலை, சந்து எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, வானம் மட்டும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், வியாபாரிகள் பழக்கதோஷத்தில் வீதியிலேயே நின்று பேரம் பேசினார்களாம், எக்ஸ்சேஞ்ச் காற்று வாங்கியது. 1811இல் நகர சபை அதை எடுத்துக்கொண்டது. அதற்குள்தான் இப்போதும் கவுன்சில் கூடுகிறது.

பேய்க்கு வருகிறேன். இந்தச் சந்தின் பேயை அச்சில் ஏற்றியவர் ஜார்ஜ் சின்க்ளேர், 1685இல். தாமஸ் கோல்ட்ஹார்ட் என்ற வக்கீல் தொழில் செய்தவர் குடும்பத்தோடு அங்கே குடிவந்தார். அவருடைய மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை பைபிள் படித்துக்கொண்டிருக்கும்போது நரைத்த தாடியோடு ஒரு கிழவர் தலை, உடம்பில்லாமல், அந்தரத்தில் நின்று பார்த்தது. அப்புறம் அவருக்கும் தெரிந்தது. ஒரு குழந்தை வந்தது, முண்டமாக ஒரு கை வந்து குலுக்கக் கூப்பிட்டது, நாய் வந்தது, பூனை வந்தது, குட்டி உருவங்கள் கூட்டமாக ஆடின. கடைசியில் பெரிய முனகலோடு எல்லாம் மறைந்தன. இத்தனைக்கும் அவர்கள் வீட்டைக் காலி செய்யவில்லை! நல்ல வாடகை வீடு கிடைப்பது அப்போதும் கஷ்டம்தான் போலிருக்கிறது.

இதை எழுதிய சின்க்ளேர் யார் என்று பாருங்கள். கிளாஸ்கோவில் பேராசிரியர், நீரழுத்தவியலில் புத்தகம் எழுதியவர், சுரங்கம் தெரிந்தவர். 1670களில் எடின்பரோவுக்குக் குழாயில் குடிதண்ணீர் கொண்டுவந்த வேலையைப் பார்த்தவர். அதாவது நம் ஆள், எஞ்சினியர்! ஆவி இல்லை என்றால் கடவுளும் இல்லை என்று ஜனங்கள் சொல்லிவிடுவார்களோ என்ற கவலையில் சாட்சி சேர்ப்பதுபோல் பேய்க்கதை சேர்த்தார். குழாய் வேலையில் லெவல் தப்பாமல் பார்த்தவர் இதில் சாட்சி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆயுத பூஜைக்கு டோட்டல் ஸ்டேஷனுக்குப் பொட்டு வைக்கிற நாம் எந்த வாயால் சொல்வது?

1992இல் ஜப்பானிலிருந்து ஆவியோடு பேசுவதாகச் சொல்லும் ஒரு பெண்மணி வந்தார். ஒரு அறையில் கால் வைக்க முடியவில்லை என்றார். ஆனி என்ற சின்னப் பெண், பொம்மையைத் தொலைத்துவிட்டு அழுகிறாள் என்று சொல்லி, ஒரு பொம்மை வாங்கி வந்து வைத்தார். அதிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் பொம்மை வைக்கிறார்கள். அப்படி ஒரு குழந்தை அங்கே இருந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. ஆனால் பொம்மைக் குவியல் இருக்கிறது, நானே பார்த்தேன். சேரச் சேர அவற்றைக் குழந்தைகள் மருத்துவமனைக்கான உதவிக்கு அனுப்புகிறார்கள். இந்தப் பேய் ஒருத்தி மட்டும் நல்ல வேலை பார்க்கிறாள்.

விஞ்ஞானமும் சும்மா இல்லை. அதே ஊரில் சவுத் பிரிட்ஜ் பாலத்தின் அடியில் இருக்கும் நிலவறைகளில் 2001இல் ரிச்சர்ட் வைஸ்மன் ஒரு பரிசோதனை செய்தார். எந்த அறைக்குப் பேய்ப் பெயர் என்று சொல்லாமல் ஆட்களைத் தனித்தனியாக உட்கார வைத்தார். பேய்ப் பெயர் பெற்ற அறைகளில்தான் அதிகம் பேர் 'ஏதோ இருந்தது' என்றார்கள். அப்படியானால் பேய் நிஜமா என்று துள்ள வேண்டாம். அறையின் அளவு, வெளிச்சம் போன்றவற்றோடு அது ஒத்துப்போனது. இருட்டும் ஈரமும் சேர்ந்தால் உடம்பு தானாக உஷாராகும். கவென்ட்ரியில் விக் டாண்டி என்ற எஞ்சினியர், தன் லேபில் தெரிந்த 'பேய்' ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் அதிர்வு என்று 1998இல் எழுதினார். எல்லாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஃபேனை நிறுத்தி பேயை விரட்டிய ஒரே ஆள் என்ற வகையில் அவர்மேல் எனக்கு மரியாதை.

எனக்கு அங்கே மனசில் நின்றது வேறொருவர். ஆண்ட்ரூ செஸ்னி, ரம்பம் செய்பவர். தலைக்கு மேல் ராயல் எக்ஸ்சேஞ்ச் வந்து, சந்தின் கீழ்ப்பாதி 1850களில் காக்பர்ன் தெருவுக்காக அறுபட்டுப் போன பிறகும் அங்கேயே குடியிருந்து தொழில் செய்தார். நகர சபை கட்டடத்தை விரிவாக்க இடம் எடுத்தபோது 1902இல் அவரையும் காலி செய்யச் சொன்னார்கள். மேரி கிங் சந்தின் கடைசிக் குடியிருப்பாளர் அவர்தான். பிளேக் காலி செய்யாத சந்தை நிலம் கையகப்படுத்தும் உத்தரவு காலி செய்தது. ரோடு அகலப்படுத்தும் வேலையில் இருக்கும் நான், இதைக் கைடு சொன்னபோது கொஞ்ச நேரம் அந்தப் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டேன். செஸ்னி பேயாக வந்ததாக யாரும் சொல்லவில்லை.

2003இலிருந்து டிக்கெட் போட்டு உள்ளே அழைத்துப் போகிறார்கள். போகிறவர்கள் முன்கூட்டியே புக் செய்யுங்கள், கும்பல் அதிகம். தரை கரடுமுரடு, சரிவு, சில இடத்தில் தலை குனிய வேண்டும். மெக்கானிக்கல் பேட்ச் நண்பர்கள் வயிற்றையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பொம்மை வாங்க மறந்தால் பரவாயில்லை, வெளியே கடையில் கிடைக்கும், விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி.