அனுமதி கேட்டுச் சென்ற பரிகாரம்

ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் பாவங்களை அறிக்கையிட்டபின், அருள்தந்தை நமக்கு ஒரு பரிகாரம் தருகிறார். பெரும்பாலும் அது சில செபங்களோடு முடிந்துவிடுகிறது. ஒரு நாடே சேர்ந்து செய்த பாவத்திற்கு எது பரிகாரம்?

லோதர் கிரைசிக் ஜெர்மனியில் நீதிபதியாக இருந்தவர். தம் நீதிமன்றத்தின் பாதுகாப்பில் இருந்த மனநோயாளிகள் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்படுவதை அறிந்த அவர், 1940இல் நாத்சி உயர் அதிகாரி ஒருவர்மீதே கொலைக்குற்றம் சாட்டினார்; பதவியை இழந்தார். எதிர்த்து நின்ற இவர்தான், 1958 ஏப்ரலில் பெர்லினில் கூடிய எவாஞ்சலிக்கல் சபைப் பேரவையில் ஓர் அழைப்பை முன்வைத்தார். போரை விரும்பாதவர்களும் அதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று அதில் அறிக்கையிட்டார். போலந்து, சோவியத் யூனியன், இஸ்ரயேல் மக்களிடம் அவர் கேட்டது ஓர் அனுமதி: எங்கள் கைகளால் உங்கள் மண்ணில் நன்மை ஏதேனும் செய்ய விடுங்கள் என்பதே. இளைஞர்கள் ஓராண்டு அங்கே உழைக்க வேண்டும் என்றார். இப்பணிக்கு 'பரிகார அடையாளம்' என்று பெயர். அடையாளம் மட்டுமே, 60 இலட்சம் யூதர்களின் உயிருக்கு ஈடு ஏது?

அனுமதி உடனே எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. 1959இல் முதல் குழுக்கள் சென்றது ஹாலந்துக்கும் நார்வேக்கும்தான். பிரான்சின் தேசே குழுமத்தில் 1962இல் திறக்கப்பட்ட ஒப்புரவு ஆலயத்தைக் கட்டியவர்களும் இவ்விளைஞர்களே. (தேசே பாடல்களை நம் பங்குகளிலும் பாடுகிறோம், அந்த ஆலயத்தின் கதை நம்மில் பலருக்குத் தெரியாது.) ஜெர்மன் குண்டுகளால் 1940இல் அழிந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி பேராலயத்தின் இடிபாடுகளிலும் அவர்கள் வேலை செய்தார்கள். 1965இல் கோவென்ட்ரியிலிருந்து இளைஞர்கள் புறப்பட்டு, நேச நாடுகளின் குண்டுகளால் அழிந்த டிரெஸ்டனில் ஒரு மருத்துவமனையைச் சீரமைக்க உதவினார்கள். யாரும் கேட்காமலேயே வந்த பதில் இது என்றே நாம் எண்ணுகிறோம்.

பிற்காலத்தில் கட்டடப் பணி குறைந்தது. முகாம்களிலிருந்து உயிர்தப்பிய முதியோரைச் சந்திப்பது, அவர்களுக்குக் கடைக்குச் சென்று வருவது, அருகில் அமர்ந்து கேட்பது என்று பணி மாறியது. இதற்கு இரண்டு வாரம் போதாது. ஜெர்மன் மொழியைக் காதால் கேட்கவே விரும்பாதவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். அவர்களுடைய மொழியைக் கற்று, கதவு திறக்கும்வரை காத்திருக்க ஓராண்டும் குறைவுதான். மன்னிப்பு வழங்கப்பட்டதா என்று கேட்கும் உரிமையும் தொண்டர்களுக்கு இல்லை.

ஆஷ்விட்ஸ் முகாம் இருந்த போலந்தின் ஒஷ்வியென்சிம் நகரில், இவ்வமைப்பின் முயற்சியால் இளைஞர்களுக்கான பன்னாட்டுச் சந்திப்பு இல்லம் ஒன்று 1986இல் திறக்கப்பட்டது. முதல் அழைப்பில் பெயர் சொல்லிக் கேட்ட நாடு அது. கிரைசிக் அதே ஆண்டில்தான் இறந்தார்.