ஒரு சபை வளர எத்தனை பேர் வேணும்? - ஒரு நெல்லைக் கதை

நம்ம ஆபீஸ்ல ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் ஆனா, மெயில்ல வர்றது ரெண்டு மூணு பெயர்தான். மேனேஜர், லீட், அதோட சரி. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பக் பிடிச்சவன் பெயரெல்லாம் உள்ளே எங்கேயோ கிடக்கும். சரித்திரமும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுது. "திருநெல்வேலி திருச்சபையை வளர்த்தது யார்?" என்று கேட்டால் ரேனியஸ், கால்டுவெல் என்று பதில் வரும். தப்பில்லை, ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. மத நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் யாராக இருந்தாலும் படிக்கலாம். ஒரு கூட்டம் எப்படி நிலைத்து நிற்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

முதல் ஆள்: சும்மா படித்துக் காட்டியவர்

1771-ம் வருஷம். சுவார்ட்ஸ் ஐயர் அப்போது திருச்சியில் இருக்கிறார். பாளையங்கோட்டை பற்றி அவருடைய நாட்குறிப்பில் ஒரு சின்னக் குறிப்பு வருகிறது. திருச்சி சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்பவர் அங்கே இருக்கிறாராம். வருகிறவர்களுக்கு வேதத்தை வாசித்துக் காட்டுகிறாராம். ஆங்கிலேய சார்ஜன்ட் ஒருவரின் மனைவியும் அங்கே சபையைச் சேர்ந்தவர். அவ்வளவுதான். கோயில் இல்லை, குருவானவர் இல்லை, சம்பளமும் இல்லை. அப்போது பாளையங்கோட்டை கம்பெனிப் பட்டாளம் இருந்த கோட்டை ஊர். அங்கே ஒருத்தர் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறார், நாலு பேர் கேட்கிறார்கள். பின்னால் லட்சக்கணக்கில் வளர்ந்த ஒரு சபைக்கு ஆரம்பம் இதுதான்!

இரண்டாவது ஆள்: வாசலில் நிறுத்தப்பட்டவர்

அடுத்து வருகிறவர் கோகிலா. தஞ்சாவூர் மராட்டிய பிராமணக் குடும்பம், விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். அவரிடம்தான் ஆங்கிலமும் கிறிஸ்தவமும் கற்றுக்கொண்டார். ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டபோது சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். காரணம், திருமணம் ஆகாமல் அந்த அதிகாரியோடு வாழ்ந்தது. ஒரு பக்கம் பிறந்த சாதி கைவிட்டது, இன்னொரு பக்கம் புது மதமும் வாசலில் நிறுத்தியது. யோசிச்சுப் பாருங்க, நாமாக இருந்தால் "போங்கடா நீங்களும் உங்க கோயிலும்" என்று போயிருப்போம். அவர் போகவில்லை.

லிட்டில்டன் இறந்தபின், 1778-ல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டை வந்தபோது அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. பெயர் கிளாரிந்தா. 1780-ல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் மொத்தம் 40 பெயர்கள். முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. அதற்குக் கீழே பல சாதிக்காரர்கள். அந்தக் காலத்தில் ஒரே தாளில் இந்தப் பெயர்கள் ஒன்றாக வந்ததே பெரிய சங்கதி.

பட்டாளத்து ஆங்கிலேயர் சிலரின் உதவியோடு அவர் ஒரு கோயில் கட்டினார். 1785-ல் சுவார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். முதலில் மறுத்த அதே மனிதர், அந்த அம்மா கட்டின கோயிலில் நின்று ஜெபம் செய்கிறார்! ஊர் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் "பாப்பாத்தி அம்மாள் கோயில்". இன்றைக்கும் பாளையங்கோட்டையில் இருக்கிறது. அ. மாதவையா 1915-ல் இவரை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

மூன்றாவது: அனுப்பப்பட்டவரும், திரும்பி வந்தவரும்

கோயில் கட்டினால் போதுமா? நடத்த ஆள் வேண்டுமே. தஞ்சாவூரிலிருந்து உபதேசியாக வந்தவர் சத்தியநாதன். 1790 டிசம்பர் 26-ல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்று மறுபடி பாளையங்கோட்டைக்கே வந்தார். அவருடைய தமிழ்ப் பிரசங்கம் ஒன்று ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சானது. பொறுமையான, நிதானமான மனிதர்.

இதற்கு நேர் எதிர் குணம் டேவிட் சுந்தரானந்தம். சாத்தான்குளம் பக்கம் காலன்குடிக்காரர், பனையேறும் சமூகத்தில் பிறந்தவர். தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி, உபதேசியாகச் சொந்தச் சீமைக்கே திரும்பினார். முதலில் உறவுக்காரர்களிடம்தான் பேசினார். ஜனங்கள் சேரச் சேர எதிர்ப்பும் வந்தது. வீடுகள், ஜெபக்கூடங்கள் சேதமாயின. சரி, நமக்கென்று ஒரு ஊரையே உண்டாக்குவோம் என்று 1799-ல் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். முதல் ஊர், அதனால் முதலூர். (மஸ்கோத் அல்வா ஞாபகம் வருதா? அதே ஊர்தான் :-)) அதே 1799 அக்டோபரில்தான் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். சீமையே கொதித்துக்கொண்டிருந்த நேரம்.

டேவிட் சாது இல்லை. தடியோடு வந்தவர்களைத் தடியோடு எதிர்க்கவும் ஆள் சேர்த்தவர். கடைசியில் விஷம் வைத்துக் கொல்லப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. சத்தியநாதனை மட்டும் வைத்து முதலூர் உருவாகியிருக்காது, டேவிட்டை மட்டும் வைத்து அது நிலைத்திருக்காது. இது என் அபிப்பிராயம்.

நான்காவது: பெயரே இல்லாதவர்கள்

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். 1806-லிருந்து 1816 வரை ஏறக்குறைய பத்து வருஷம் நெல்லைச் சீமையில் ஐரோப்பிய மிஷனெரி யாரும் இல்லை. பணம் வரத்து குறைந்தது. 1810, 1811-ல் விஷக் காய்ச்சல் பரவி நிறையப் பேர் செத்தார்கள். பயந்து பழைய வழிக்குத் திரும்பினவர்களும் உண்டு.

1816-ல் ஜேம்ஸ் ஹஃப் என்பவர் பட்டாளத்துக் குருவாகப் பாளையங்கோட்டை வந்தார். எல்லாம் அழிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் போய்ப் பார்த்தால் 60-க்கு மேற்பட்ட ஊர்களில் சுமார் 3,000 கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள்! ஆபிரகாம் என்ற நாட்டுக் குருவானவரும் சில உபதேசிமாரும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்து வருஷம் சபையைக் காப்பாற்றியது பனையோலைக் கூரைக்குக் கீழே கூடின ஜனங்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஐந்தாவது: நிலமும் காசும் கொடுத்தவர்கள்

சாயர்புரம் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? சாமுவேல் சாயர் என்ற பாளையங்கோட்டை வியாபாரி, துன்பப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியேற நிலம் வாங்கிக் கொடுத்தார். அவர் பெயரே ஊருக்கு நின்றது. டோனாவூர்? பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா அனுப்பின பணத்தில் 1827-ல் உண்டான ஊர்.

1820-ல் வந்த ரேனியஸ் ஐயருடைய பெரிய கெட்டிக்காரத்தனம், வெளிநாட்டுப் பணத்தை மட்டும் நம்பாததுதான். 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். சபையார் காசு போட, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, விரட்டப்பட்டவர்களைக் குடியேற்றுவது திட்டம். சங்கங்களிலே மூத்த சங்கங்களில் ஒன்று. அவ்வளவு செய்த ரேனியஸை 1835-ல் அவரை அனுப்பின மிஷன் சங்கமே வேலையிலிருந்து நீக்கியது தனிக் கதை. 1838-ல் அவர் பாளையங்கோட்டையிலேயே இறந்தார்.

இன்னொருவர் சாரா டக்கர். உடல் ஊனமுற்றவர், இங்கிலாந்தை விட்டு வந்ததே இல்லை. அவருடைய அண்ணன் சென்னையில் மிஷன் செயலாளர். அண்ணன் எழுதின கடிதங்களில் இங்குள்ள பெண் பிள்ளைகளின் நிலையைப் படித்துவிட்டு, தோழிகளோடு சேர்ந்து காசு திரட்டி அனுப்பினார். பாளையங்கோட்டை சாரா டக்கர் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. தான் பார்க்காத ஊரில், தான் பார்க்காத பிள்ளைகளுக்காக!

காசு இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? நம் ஊர் அம்மாக்களின் வழி பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்துக் கோயிலுக்குக் கொடுப்பது. பசியோடு இருக்கிற வீட்டில் ஒரு பிடி என்பது சின்ன விஷயமில்லை.

ஆறாவது: கைவேலைக்காரர்கள்

கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்தார். அவரை "திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்" (1856) எழுதியவராகத்தான் நமக்குத் தெரியும். அவர் மனைவி எலைசா நாகர்கோவிலில் வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். இடையன்குடியில் பெண்களுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பெண்கள் கையில் முதல் தடவையாகச் சொந்தக் காசு புழங்கியது. இடையன்குடிக் கோயில் 1847-ல் ஆரம்பித்து 1880-ல் முடிந்தது. 33 வருஷம்! வேலை தொடங்கினபோது சின்னப் பையனாகக் கல் சுமந்தவன், முடிந்தபோது பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பான்.

சரி, இதெல்லாம் சேர்ந்து எங்கே போய் நின்றது? 1903-ல் நெல்லைக் கிறிஸ்தவர்கள் தங்களுடைய சொந்த மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். பணமும் இங்கேயே, ஆளும் இங்கேயே. தெலுங்குச் சீமையில் டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். அதன் முன்னோடிகளில் ஒருவரான வெள்ளாளன்விளைக்காரர் வேதநாயகம் அசரியா 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். வாங்கின கை கொடுக்கிற கையாக மாற 1771-லிருந்து 132 வருஷம் பிடித்தது.

வாசித்தவர், வாசலில் காத்திருந்தவர், பொறுமைசாலி, முரடர், வியாபாரி, நோயாளி, லேஸ் பின்னினவர், ஒரு பிடி அரிசி போட்டவர். இதில் எந்த ஒருவரை உருவினாலும் கதை அங்கேயே நின்றுபோயிருக்கும். ஆனால் ரேனியஸுக்கும் கால்டுவெல்லுக்கும் இருக்கிற அளவு சவரிமுத்துவுக்கு நாம் இடம் கொடுக்கவில்லை. அடுத்த தடவை பாளையங்கோட்டை போனால், எல்லாரும் பார்க்கிற ஊசிக் கோபுரத்தோடு திரும்பிவிடாதீங்க. பாப்பாத்தி அம்மாள் கோயிலையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. உங்க ஊர் கோயிலோ, மசூதியோ, நூலகமோ, அதைத் தாங்கிப் பிடித்த பெயர் தெரியாத ஒருத்தர் நிச்சயம் இருப்பார். பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வச்சிடுங்க.