ஏழு நாளா, முப்பது நாளா

இந்தியாவில் எத்தனை பேர் ஏழைகள் என்பதைப் பல பத்தாண்டுகளாக ஒரு கேள்விதான் தீர்மானித்தது: போன முப்பது நாளில் உங்கள் வீட்டில் என்னென்ன, எவ்வளவு செலவானது? 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்காக இதைத் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கேட்டவர்களில் நானும் ஒருவன். அரிசிக்கு யாரும் தயங்க மாட்டார்கள். ரேஷன் எவ்வளவு, கடையில் எவ்வளவு என்று மனசிலேயே இருக்கும். காய்கறி, கருவாடு, எண்ணெய் என்று வந்தால்தான் திணறல். "கையில காசு இருக்கறப்ப வாங்கறதுதாங்க, இதுக்கெல்லாமா கணக்கு?"

ஒரு மாதச் செலவு நினைவில் நிற்குமா என்ற சந்தேகம், ஆய்வைத் தொடங்கிய புள்ளியியலாளர் மகலனோபிஸுக்கு ஆரம்பத்திலேயே இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தில் சில வீடுகளில் வாரக் கணக்கும் சில வீடுகளில் மாதக் கணக்கும் கேட்டார்கள். சமைக்க எடுக்கும் அரிசியை நிறுத்தும் பார்த்தார்கள். மாதக் கணக்குதான் தராசுக்கு நெருங்கி வந்தது. முப்பது நாள் நிலைத்தது இப்படித்தான்.

1994 முதல் 1998 வரை வேறொரு கேள்வித்தாளையும் சோதித்தார்கள். அதில் உணவுக்கு ஏழு நாள், துணிமணிக்கு ஒரு வருடம். பழைய தாளையும் இதையும் தனித்தனி வீடுகளில் கேட்டதால் ஒப்பிட முடிந்தது. ஏழு நாள் தாளில் செலவு கூடுதலாகப் பதிவானது. அதன்படி பார்த்தால் நாட்டின் வறுமை ஏறக்குறையப் பாதியாகிவிடும்! யாருடைய வயிறும் கூடுதலாக நிறையவில்லை, கேள்விதான் மாறியிருந்தது.

1999-2000-இல், ஆய்வின் 55-ஆவது சுற்றில், இரண்டு கேள்விகளையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் வைத்தார்கள். வாரத்துக்கு அரை லிட்டர் எண்ணெய் என்று இப்போதுதான் சொன்ன ஒரு அம்மா, மாதத்தைக் கேட்டதும் என்ன செய்வார்? நாலால் பெருக்கி இரண்டு லிட்டர் என்பார். முப்பது நாள் கட்டத்தில் விழுந்தது பழைய முப்பது நாள் கணக்கு அல்ல. அந்தக் கட்டத்தை வைத்தே, 1993-94-இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26.1 ஆனது என்று அரசு அறிவித்தது. பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். கேள்வி மாறாத பொருள்களின் செலவை வைத்து ஆங்கஸ் டீட்டன் திருத்திப் பார்த்தார். வறுமை குறைந்தது உண்மை, அரசு சொன்ன அளவுக்கு இல்லை என்றார். அபிஜித் சென் அதையும் ஏற்கவில்லை. அந்த வருடத்தின் கலப்படமில்லாத முப்பது நாள் கணக்கு இனி யாருக்கும் கிடைக்கப்போவதில்லை. அதுதான் எனக்குத் தீராத வருத்தம்.

2000-இல் ஆய்வு அமைப்பு மறுபடியும் வீடுகளில் அன்றாடம் அளந்து பார்த்தது. தானியத்துக்கு மாதம் சரி, காய்கறி, மீன், முட்டைக்கு வாரம் சரி என்று தெரிந்தது. 2009-10 சுற்றில் அந்தந்தப் பொருளுக்கு அந்தந்த நாள் கணக்கோடு தனித்தாள் போட்டு, அதைத் தனி வீடுகளில் கேட்டார்கள்.