முத்துப்பிள்ளையும் மஞ்சள் மருந்தும்

ஜாசினிலும் மெர்லிமாவிலும் தாய்சேய் நலக் கிளினிக்குக்குச் செல்லும் கர்ப்பிணிகளுக்குப் போலிக் அமில மாத்திரை கொடுப்பார்கள். சின்னஞ்சிறு மஞ்சள் மாத்திரை. தாய்மையிலேயே முளைக்கும் ஒரு புற்றுநோயின் வரலாறு அதனோடு பின்னிக் கிடக்கிறது.

1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளைச் சோகை நோய் வாட்டிக்கொண்டிருந்தது. (நம் தோட்டத்துப் பாட்டிமார் அறியாத நோயா அது!) மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு அச்சோகையைத் தீர்ப்பதை 1931இல் அவர் வெளியிட்டார். அதிலிருந்த சத்தே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவின் தலைமையில், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடம் 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது.

உயிரணு பெருக இச்சத்து வேண்டும். புற்றணுவுக்கு இதை மறுத்தால் என்ன? போலிக் அமிலம்போல் வேடமிட்டு அணுவை ஏமாற்றும் எதிர்மருந்துகளை அக்குழு உருவாக்கியது. அவற்றுள் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். அதுவும் மஞ்சள் நிறமே. 1948இல் சுப்பாராவ் காலமானார். அம்மருந்தின் பெரிய வெற்றியைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கருப்பையில் பிள்ளைக்குப் பதிலாகத் திராட்சைக் கொத்துப்போல் நீர்க்குமிழிகள் வளர்வதை முத்துப்பிள்ளை என்கிறோம். பெரும்பாலும் அகற்றியதோடு தீர்ந்துவிடும். சிலருக்கு மட்டும் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து கோரியோகார்சினோமா என்னும் புற்று மூளும். அது நுரையீரலுக்குப் பரவிவிட்டால், கருப்பையை அறுத்தெடுத்தும் பயனின்றிப் பெரும்பாலோர் இறந்துபோயினர்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில், சீனாவில் பிறந்த மின் சியு லீ என்னும் மருத்துவர், ராய் ஹெர்ட்ஸுடன் சேர்ந்து இப்பெண்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தார். நுரையீரலில் படர்ந்த கட்டிகள் மறைந்ததை 1956இல் வெளியிட்டார்கள். ஆனால் லீ அதோடு விடவில்லை. சிறுநீரில் கர்ப்ப ஹார்மோன் அடியோடு ஒழியும்வரை மருந்தைத் தொடர்ந்தார். கட்டி மறைந்த பின்னும் நஞ்சைச் செலுத்துவதா என்று மேலிடம் அவரை வேலையிலிருந்து விலக்கியது. என் எண்ணத்தில் இவ்வரலாற்றின் உச்சம் இதுதான். மருந்தை முன்கூட்டி நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது; அவர் பிடிவாதமாகத் தொடர்ந்தவர்களோ பிழைத்தார்கள். 1972இல் லாஸ்கர் விருது அவரைத் தேடி வந்தது.

மருந்தாலேயே குணமானதால் பலருக்குக் கருப்பையும் காப்பாற்றப்பட்டது. அவர்களில் பலர் பின்னாளில் நல்ல குழந்தைகளைப் பெற்றார்கள். ஆனால் மருந்து உடலில் இருக்கையில் கருத்தரித்தால் சிசுவுக்கு ஆபத்து. முத்துப்பிள்ளை அகற்றப்பட்ட பெண்ணை இன்றும் பல மாதங்கள் வரவழைத்து, லீ விடாது பின்தொடர்ந்த அதே ஹார்மோனை அளந்து பார்க்கிறார்கள். மருத்துவர் சொல்லும்வரை அவள் அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.