கொசு ஜாதி பார்க்குமா?

நோய் இன்னதென்று அறியாது செய்யும் வைத்தியம் இருட்டில் எறிந்த கல்லுக்கு ஒப்பாகும். இதற்குச் சான்றாக நம் நாட்டிலேயே நடந்த வரலாறு ஒன்றைத் தோட்டத்துத் தோழர்களும் பட்டணத்து அன்பர்களும் அறிதல் அவசியமென்று கருதுகின்றோம்.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் உழைத்தோர் சிலர் கடுஞ்சுரமும் மயக்கமும் கண்டு மாண்டனர். சிலருடைய இரத்தத்தில் அடையாளம் கிடைத்தமையால், கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இதுவென அதிகாரிகள் முடிவு செய்தனர். புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோயோ, விற்றனுப்பிய பன்றிகளோடு நெகிரி செம்பிலானுக்கும் சென்றது.

அந்நோய் பெரும்பாலும் சிறுவரையன்றோ பற்றும். இங்கே வளர்ந்த ஆண்கள் வீழ்வானேன்? தடுப்பூசி போட்டுக்கொண்டோரையும் அது பிடிப்பானேன்? பன்றிகளும் இருமிச் சாவானேன்? பண்ணையில் உழைத்த சீனரும் இந்தியரும் நோயுற, அதே வட்டாரத்து மலாய் மக்கள் தப்பியது எங்ஙனம்? கொசு ஜாதியும் மதமும் பார்த்தா கடிக்கின்றது?

இக்கேள்விகளுக்கு விடை கோலாலம்பூரில் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் மக்கள் நன்கறிந்த மலாயா சர்வகலாசாலை ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் பலர் கொண்டுவரப்பட்டனர். 1999 மார்ச்சில், அச்சர்வகலாசாலையின் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதியதொரு வைரஸ் கிருமியைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவிற்குக் கொண்டுசென்று ஆராய்ந்ததில், அது 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹெண்ட்ரா கிருமிக்கு உறவென்பது தெளிவாயிற்று. நோயாளி வாழ்ந்த சுங்கை நிபா கிராமத்தின் பெயரே அதற்கும் பெயராயிற்று.

நோயைத் தந்தது கொசுவன்று, நோயுற்ற பன்றியே என்பது உறுதியாயிற்று. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. மே மாதத்தோடு நோய் அடங்கிற்று. அதற்குள் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டனர். பண்ணைக்காரர் பலர் பிழைப்பிழந்தனர்.

ஆராய்ச்சி அத்தோடு நிற்கவில்லை. பிழைத்தோரைத் தொடர்ந்து கவனித்த சர்வகலாசாலை வைத்தியர்கள், சிலருக்கு மாதங்களும் ஆண்டுகளும் கழித்து நோய் திரும்புவதைக் கண்டறிந்தனர். வீடு திரும்பியவரையும் நெடுநாள் கவனித்தல் வேண்டுமென்பது அதனால் விளங்கிற்று.

நிபாவுக்கு நிச்சயமான மருந்து இன்றுமில்லை. ஆயினும், 2018 மே மாதம் கேரளத்துக் கோழிக்கோட்டில் அது தோன்றியபோது, ஒரே குடும்பத்தின் இரண்டாம் நோயாளியிடமே வைத்தியர்கள் அதனை ஐயுற்றனர். மணிப்பால் சர்வகலாசாலையின் ஆய்வகம் சில நாட்களில் கண்டுரைத்தது. நோயுற்றோரைத் தனியே வைத்து, அவர்களோடு பழகியோரைத் தேடிக் கண்காணித்து, நோயை அடக்கினர். இங்கே ஏறத்தாழ ஆறு மாதம் மறைந்துகிடந்த பெயர் அங்கே சில நாட்களில் வெளிப்பட்டதெனின், அது கோலாலம்பூர் ஆராய்ச்சியின் கொடையன்றோ?

அதிகாரிகள் சொன்னாலும், கற்றோர் சொன்னாலும், சோதித்த பின்னரே ஒப்புதல் பகுத்தறிவாகும். சோதிக்காத ஐயமோ வெறும் வம்பாகும். ஐயத்தைச் சோதித்தறியும் இடமே ஆராய்ச்சிக்கூடம். அங்கே நம் தோட்டத்துப் பிள்ளைகளும் புகுதல் வேண்டுமென்பதே நம் அவா.